விட்டுப் பிடி

அவளுக்கு உடும்பு என்று பெயர் வைத்தவர் கட்டிய கணவரேதான். கல்யாணமான புதிதில் ஒரு நாள், மூடி இறுகிப்போன பாட்டில் ஒன்றோடு அவள் காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வெந்நீரில் முக்கினாள், துணி சுற்றித் திருகினாள், கதவிடுக்கில் கொடுத்து முறுக்கினாள். மூடி கழலவே இல்லை. கடைசியில் பாட்டிலின் கழுத்து உடைந்து மூடியோடு கையில் வந்தது. "வந்துடுச்சு பாத்தீங்களா!" என்று அதை ஏதோ கோப்பை ஜெயித்தவள்போல் தூக்கிக் காட்டினாள். கணவர் தரையில் கிடந்த கண்ணாடிச் சில்லையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பிடிச்சா உடும்புப் பிடிதான்மா உனக்கு," என்றார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். வீட்டில் உடும்பு, கடையில் உடும்பக்கா. அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

பெருமைப்பட நியாயமும் இருந்தது. மூடப்போகிற ஒரு ஓட்டலிலிருந்து பழைய வாஷிங் மெஷின் இரண்டையும், பீரோ உயரத்துக்கு நிற்கிற டிரையர் ஒன்றையும் வாங்கி வந்து அவள் லாண்டரி ஆரம்பித்தபோது, சொந்தபந்தம் அத்தனை பேரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். யானையை வாங்கிக் கட்டித் தீனி போடுகிற வேலை என்றார்கள். அவள் பிடித்த பிடியை விடவில்லை. இன்றைக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பும், விடுதித் துவாலையும் மூட்டை மூட்டையாக அவள் கடைக்குத்தான் வருகின்றன. கணவர் வேனில் எடுத்துப் போய்க் கொடுத்து வருகிறார். கொழுந்தனின் மனைவி, அதாவது அவளுடைய ஓரகத்தி, இஸ்திரி மேஜையில் நிற்கிறாள். கடை வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. 'ஈரத் துணி இந்த வாசலைத் தாண்டாது' என்று அவளே சிவப்பு வண்ணத்தில் எழுதியது. எழுத்து கோணல்தான். ஆனால் வாக்கு கோணியதில்லை.

பழைய மெஷின் என்றால் ரிப்பேர் இல்லாமல் இருக்குமா? ஆரம்பத்தில் மெக்கானிக்குகளைக் கூப்பிட்டுப் பார்த்தாள். "இதோ கிளம்பிட்டேன்க்கா" என்பார்கள். கிளம்புவார்கள், வந்து சேரமாட்டார்கள். ஒரு நாள் பொறுமை போய், ஸ்பேனரைத் தானே கையில் எடுத்தாள். சும்மா சொல்லக்கூடாது, பாதி ரிப்பேர் அவள் கையிலேயே சரியாகியும்விட்டது. மீதிப் பாதிதான் கதை. வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை அவள் சரிசெய்தாள். அது இப்போது மல்லாக்கப் படுக்க வைத்தால் மட்டும் ஓடும். சமையலறைக் குழாயைச் சரிசெய்தாள். அது மூடுகிற பக்கம் திருப்பினால் திறக்கும். வேன் ஹார்ன் அடிக்கவில்லை என்று ஒரு விடுமுறை நாள் முழுக்க உட்கார்ந்தாள். இப்போது இடது பக்கம் திருப்பும்போதெல்லாம் அது யாரும் கேட்காமலே அலறுகிறது. "உன் கை பட்டா எந்தப் பொருளுக்கும் உயிர் வந்துடும்," என்பார் கணவர். "என்ன, கொஞ்சம் புத்தி மாறி வரும்."

அவளிடம் இல்லாதது திறமை இல்லை, நிறுத்தத் தெரிகிற புத்தி. ஸ்பேனர் கையில் ஏறிவிட்டால் பசி தெரியாது, பக்கத்தில் யார் பேசுகிறார்கள் என்பது தெரியாது. "இன்னும் ஒரே ஒரு ஸ்க்ரூ" என்பாள். அந்த ஒரே ஒரு ஸ்க்ரூ அனுமார் வால்போல் நீளும்.

அந்த ஸ்க்ரூவுக்கு அதிகமாக விலை கொடுத்தவள் அவளுடைய மகள்தான். மகள் பள்ளிக்கூடத்துக் கால்பந்து அணியில் கோல்கீப்பர். போட்டி தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு மாட்ச்சுக்கும், "ஒரே ஒரு ஸ்க்ரூ கண்ணு, முடிச்சுட்டு ஓடி வந்துடறேன்," என்று அம்மா சொல்வாள். ஓடியும் போவாள். போய்ச் சேரும்போது மைதானத்தில் வலையைச் சுருட்டிக்கொண்டிருப்பார்கள். ஒரு தடவை தண்ணீர் வெளியேற்றுகிற பைப், ஒரு தடவை பெல்ட், ஒரு தடவை ஒன்றுமே இல்லை, மெஷின் சத்தம் கொஞ்சம் மாறியதுபோல் இருந்தது, அவ்வளவுதான். மகள் முதலில் அழுதாள். அப்புறம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அப்புறம் "வர்றியா" என்று கேட்பதையே விட்டுவிட்டாள். அழுதபோது உறைக்காதது, கேட்பது நின்றபோதுதான் உடும்புக்கு உறைத்தது.

இன்றைக்கு இறுதிப் போட்டி.

நேற்றைய அரை இறுதியில் சேற்றில் புரண்டு ஜெயித்திருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் அந்த அணிக்கு இருப்பதே ஒரு செட் சட்டைதான். பெரிய பெண்கள் போட்டுக் கொடுத்துவிட்டுப் போன தடிமனான பருத்திச் சட்டைகள், முதுகில் ரப்பர் எண் ஒட்டியவை. மகள் அதை ஒரு பெரிய பையில் திணித்துக் கொண்டுவந்து கடை வாசலில் போட்டாள். "எங்கம்மா பார்த்துப்பாங்கன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்," என்றாள். அதைச் சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் கர்வம் இருந்தது. இன்று காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது, ஷூவில் காலை நுழைத்துக்கொண்டே, "சட்டைய மதியத்துக்குள்ள அப்பாகிட்ட குடுத்து அனுப்பிடும்மா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

உடும்பு மனசுக்குள் வேறு கணக்குப் போட்டிருந்தாள். யாரிடமும் சொல்லாமல், சட்டைகளைக் காயவைத்து, கதகதவென்று மடித்து, தன் கையாலேயே எடுத்துக்கொண்டு போவது. போய், முதல் விசில் ஊதுவதற்கு முன்னால் வலைக்குப் பின்னால் நின்றுகொள்வது. கடைசி விசில்வரை நகராமல் நிற்பது. நினைக்க நினைக்க அவளுக்கே பரபரப்பு தாங்கவில்லை. விடிந்ததிலிருந்து பாதிப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலை பார்த்தாள். "என்னக்கா, இன்னிக்கு யாருக்குக் கல்யாணம்?" என்று ஓரகத்தி கேட்டாள். அவளிடம் மட்டும் ரகசியத்தை அவிழ்த்தாள்.

ஓரகத்தி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, "இதை முன்னாலயே சொல்லியிருந்தா நான் குண்டன் கால்ல விழுந்து வேண்டிக்கிட்டிருப்பேனே," என்றாள்.

குண்டன் என்பது டிரையர். வட்டக் கண்ணாடிக் கதவும் பருத்த வயிறுமாக நிற்பதால் வந்த பெயர். அன்றைக்கு வானம் மூடிக்கொண்டு கிடந்தது. வெயில் இல்லை, கொடியில் போட்டால் தடிச் சட்டை காயாது. இஸ்திரி போட்டுக் காயவைக்கலாம் என்றால் ரப்பர் எண் உருகி இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். எல்லாம் குண்டன் கையில்தான் இருந்தது.

குண்டன் சுற்ற ஆரம்பித்தான். கண்ணாடிக்குள் சிவப்புச் சட்டைகள் எழும்பி எழும்பி விழுந்தன. சூடு முகத்தில் அடித்தது. ஓரகத்தி இரண்டு படுக்கை விரிப்பு தேய்த்திருப்பாள். ஒரு முனகல் கேட்டது. சட்டைகள் சோம்பேறித்தனமாக ஒரு தரம் புரண்டன. குண்டன் நின்றுவிட்டான்.

ஓரகத்தி திரும்பி அவளைப் பார்த்தாள். அவள் ஓரகத்தியைப் பார்க்கவில்லை. கை அதற்குள் ஸ்பேனருக்குப் போயிருந்தது.

முதலில் பியூஸ் பார்த்தாள், நன்றாக இருந்தது. பின்பக்கத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே பெல்ட் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. "மாட்டிக்கிட்டான் பாரு!" என்று கத்தினாள். சுவர் ஆணியில் தயாராகத் தொங்கிய புது பெல்ட்டை எடுத்து, வியர்க்க விறுவிறுக்க மாட்டி, தகட்டை மூடி, பொத்தானை அமுக்கினாள். குண்டன் ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தான்!

ஓரகத்தி கை தட்டினாள். உடும்பு ஸ்பேனரைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி ஆடியே விட்டாள். பக்கத்துப் பேக்கரிக்காரர் மாவுக் கையோடு எட்டிப் பார்த்து, "என்னம்மா, லாட்டரியா?" என்று கேட்டார். "அதுக்கும் மேல!" என்றாள். அவர் தன் கடைக்குத் திரும்பிப் போவதற்குள் குண்டன் மறுபடியும் நின்றுவிட்டான்.

விடாக்கண்டி அவள் என்றால் கொடாக்கண்டன் அவன். கதவு சரியாக மூடாவிட்டால் சுற்றாதே என்று சொல்கிற சின்ன சுவிட்ச் ஒன்று கதவோரத்தில் இருந்தது. அதைக் கழற்றிச் சுரண்டித் துடைத்தாள். மறுபடி சுற்றினான். மறுபடி ஆனந்தம். மறுபடி நின்றான், இந்தத் தடவை முன்னைவிடச் சீக்கிரம். அவள் கன்னத்தில் கிரீஸ் அப்பியிருந்தது. கண்ணில் வெறி ஏறியிருந்தது.

"அக்கா, டீ ஆறுது. ஒரு வாய் குடிச்சுட்டுப் பாரேன்," என்றாள் ஓரகத்தி.

"இன்னும் ஒரே ஒரு ஸ்க்ரூ."

"அந்த ஸ்க்ரூவைத்தான் நானும் இத்தனை வருஷமா பாக்கணும்னு இருக்கேன்."

வேறு வழியில்லாமல் மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். இருக்கிறவர்களில் கொஞ்சம் நாணயமானவன் இவன்தான். வராவிட்டாலும் போனிலாவது வழி சொல்வான். போன் எடுத்ததும் ஓ என்று ஒரே இரைச்சல்.

"எங்கே இருக்கே தம்பி?"

"கடல்லக்கா! குடும்பத்தோட வந்திருக்கேன்! நாலு நாள் லீவு!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லீவாம், கடலாம்! இங்கே ஒருத்தி உயிரைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், அவன் அலையில் குதித்துக்கொண்டிருக்கிறான். பல்லைக் கடித்துக்கொண்டு குண்டன் நின்று நின்று ஓடுகிற கதையைச் சொன்னாள். இவள் பக்கத்தில் வாஷிங் மெஷின் தடதடத்தது. அவன் பக்கத்தில் அலை முழங்கியது. அவன் ஏதோ நீளமாகச் சொன்னான். நடுவில் அலை விழுங்கியது போக, "...விட்டு... பிடிங்கக்கா!" என்பது மட்டும் காதில் விழுந்தது.

"என்னது?"

"விட்டு...ப்... பிடிங்க!"

போனை அணைத்துவிட்டாள். "கேட்டியா சங்கதியை? விட்டுப் பிடிக்கணுமாம்! அழற பிள்ளைக்கும் அடங்காத புருஷனுக்கும் சொல்ற புத்திமதியை எனக்குச் சொல்றான். நான் என்ன, மெஷினுக்கும் எனக்கும் மனஸ்தாபம்னா சொன்னேன்?"

ஓரகத்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தேய்த்துக்கொண்டிருந்த தலையணை உறைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"விடவும் மாட்டேன், விட்டுப் பிடிக்கவும் மாட்டேன். பிடிச்சது பிடிச்சதுதான்," என்று சொல்லி, உடும்பு மோட்டாரையே கழற்ற உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை விவரித்தால் அவள் மானம் போகும், இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். மோட்டாரைத் தாங்குகிற போல்ட்டுகளைக் கழற்றினாள். ஒன்று உருண்டு வாஷிங் மெஷினுக்கு அடியில் போனது. அதை எடுக்கத் தரையில் படுத்தவள், எழும்போது தலையை இடித்துக்கொண்டாள். மறுபடி மாட்டும்போது விரல் நசுங்கியது. எல்லாவற்றையும் மாட்டி முடித்துப் பார்த்தால் கையில் ஒரு ஸ்க்ரூ மீதியிருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று சத்தியமாகத் தெரியவில்லை. அதன் இடத்தைக் கண்டுபிடிக்க மறுபடி கழற்றினாள். இரண்டாவது தடவை மாட்டியபோது மீதி இரண்டானது. இதற்கு நடுநடுவே பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். குண்டன் இப்போது முனகக்கூட இல்லை. அவன் உடம்பு இஸ்திரிப் பெட்டிபோல் கொதித்தது. அவள் அதைவிடக் கொதித்தாள். "நான் கோவப்பட்டா நீ தாங்க மாட்டே!" என்று அவன் வயிற்றில் உள்ளங்கையால் அறைந்தாள். வலித்தது அவளுக்குத்தான்.

இந்த அழகில் கணவர் வேனோடு வந்து நின்றார். தரையெல்லாம் போல்ட்டும் தகடும் பரப்பிக் கிடக்க, டிரையருக்குள் இடுப்புவரை நுழைந்திருந்த மனைவியின் கால்கள் மட்டும் தெரிந்தன.

"சட்டை ரெடியா? நேரமாயிடுச்சு."

"ஒரே ஒரு ஸ்க்ரூங்க!" என்று குண்டன் வயிற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ரெண்டு," என்று திருத்தினாள் ஓரகத்தி.

அப்போதுதான் போன் அடித்தது. மகள். ஓரகத்தி ஸ்பீக்கரில் போட்டு உள்ளே நீட்டினாள்.

"அம்மா, சட்டை எங்கே? எல்லாரும் யூனிஃபார்மோட நிக்கிறோம். டீச்சர் கேக்கறாங்க."

"இதோ கண்ணு, இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கு. குண்டன் மக்கர் பண்றான். ஈரத்தோட எப்படிடி குடுக்கறது? நம்ம கடைப் பேர் என்னாகறது?"

"அம்மா, வெளிய பாத்தியா?" என்றாள் மகள்.

"வெளிய என்ன?"

"மழைம்மா. கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. மாட்ச்சை நிறுத்தல, மழையிலயே விளையாடச் சொல்லிட்டாங்க. போட்ட அடுத்த நிமிஷம் நனையப்போற சட்டைய எதுக்கும்மா இப்படி உக்காந்து காய வைக்கிறே?"

உடும்பு மெதுவாக டிரையருக்குள்ளிருந்து பின்னோக்கி ஊர்ந்து வெளியே வந்தாள். வாசலைப் பார்த்தாள். எதிர்க் கடையே தெரியாத அளவுக்கு மழை இறங்கிக்கொண்டிருந்தது. கணவரின் சட்டையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. வந்து நின்ற மனுஷனை அவள் நிமிர்ந்துகூடப் பார்த்திருக்கவில்லை. வாசலில் தொங்கிய 'ஈரத் துணி இந்த வாசலைத் தாண்டாது' பலகை சொட்டச் சொட்ட நனைந்து ஆடிக்கொண்டிருந்தது.

முதலில் சிரித்தது ஓரகத்திதான். அப்புறம் கணவர். ஆனால் மகள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

"அப்பாகிட்ட குடுத்து அனுப்பிடும்மா, போதும். நீ உன் வேலையைப் பாரு."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள். மகள் சாதாரணமாகத்தான் சொன்னாள், அடுத்த தெருக் கடைக்காரியிடம் சொல்வதுபோல். அனுப்பிடு. காலையிலும் இதே வார்த்தைதான். 'கொண்டு வா' என்று ஒரு வார்த்தை தமிழில் இல்லையா என்ன? இருக்கிறது. அது இனிமேல் அம்மாவுக்கு ஆகாது என்று பிள்ளை முடிவுகட்டிவிட்டாள். உடும்புக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குண்டன்மேல் இருந்த கோபமெல்லாம் அப்படியே தன்மேல் திரும்பியது.

எழுந்து நின்றாள். தரையில் கிடந்த போல்ட்டுகளைப் பார்த்தாள். கை பரபரத்தது. இன்னும் ஒரே ஒரு முறை மாட்டிப் பார்த்தால்...

"அக்கா, குண்டன் எங்கேயும் ஓடிட மாட்டான்," என்றாள் ஓரகத்தி. இந்தத் தடவை குரலில் கேலி இல்லை. "அவனுக்குக் காலே கிடையாது. போ."

அவள் குண்டனின் கதவைத் திறந்து ஈரச் சட்டைகளை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஏங்க, வண்டியை எடுங்க! பாத்துக்கிட்டு நிக்கிறீங்க!" என்று இவ்வளவு நேரமும் அவர்தான் தாமதம் செய்ததுபோல் ஒரு அதட்டல் வேறு.

மைதானத்துக்குப் போகிற வழி பூராவும் இடது திருப்பம்தான் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஹார்ன் ஊரையே கூட்டியது. குடை பிடித்துப் போனவர்கள் துள்ளி ஒதுங்கினார்கள். ஒரு சைக்கிள்காரர் குட்டையிலேயே காலை ஊன்றி, வாயில் வந்ததைச் சொன்னார். "வழி விடறாங்க பாத்தீங்களா? நான் சரி பண்ணின ஹார்ன்!" என்றாள் உடும்பு. கணவர் சிரித்த சிரிப்பில் வண்டி ஒரு தரம் ஆடியது.

டீச்சர் கூரைக்கு அடியில் காத்துக்கொண்டு நின்றார். சட்டைகளை வாங்கியவர், "ஈரமா இருக்கே," என்றார்.

"ஆமா டீச்சர். எங்க கடையிலிருந்து வெளிய வர்ற மொத ஈரத் துணி. பத்திரமா நனைச்சுக்கோங்க."

மகள் அவளைக் கவனிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி வந்து, கோல் கம்பத்துக்குக் கீழே நின்று கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு தற்செயலாகத் திரும்பினாள். வலைக்குப் பின்னால், கன்னத்தில் கிரீசும் தலையில் மழையுமாக அம்மா.

"நீ என்ன பண்றே இங்க?"

"மாட்ச் பாக்க வந்தேன்."

"குண்டன் ரெடியாயிட்டானா?"

"இல்ல. கிடக்கான்."

மகள் நம்பாமல் கொஞ்ச நேரம் பார்த்தாள். திரும்பி, துள்ளிக் குதித்து மேல் கம்பத்தை இரண்டு கையாலும் அறைந்தாள். கம்பத்தில் தொங்கிய மழைத் துளியெல்லாம் அவள் தலையிலேயே கொட்டியது. அதற்கு அவள் சிரித்ததை உடும்பு பார்த்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

விசில் ஊதியது. அப்பா, என்ன ஆட்டம் அது! பந்து சேற்றில் சொருகி நின்றது, நின்ற இடத்திலிருந்து யாரோ உதைக்க, பந்துக்குப் பதில் ஷூ பறந்தது. பெண்கள் வழுக்கிக்கொண்டே வந்து வழுக்கிக்கொண்டே போனார்கள். யார் எந்த அணி என்று சட்டை நிறத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை, எல்லாம் சேற்று நிறம். உடும்புக்கு விதி ஒன்றும் தெரியாது. பந்து மகள் பக்கம் வந்தால், "விடாதே! விடாதே!" என்று கத்தினாள். அந்தப் பக்கம் போனால், "அப்படியே போகட்டும்! அங்கேயே கிடக்கட்டும்!" என்று கத்தினாள். உற்சாகத்தில் கையை வீசியபோது பக்கத்தில் நின்றவர் சட்டென்று குனிந்தார். ஏன் குனிகிறார் என்று பார்த்தால், அவள் கையில் ஸ்பேனர்! கடையிலிருந்து அப்படியே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஈரச் சட்டையை அணைத்தபோதும் விடவில்லை, வண்டியில் வந்தபோதும் விடவில்லை.

கணவர் கையை நீட்டினார். அவள் கொடுத்தாள். விரல்கள் மரத்துப்போய் ஒவ்வொன்றாகத்தான் பிரிந்தன. அப்புறம் அந்தக் கைக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்கிறீர்கள்!

ஆட்டம் முடிகிற தறுவாயில் மகளின் அணி ஒரு கோல் போட்டது. மைதானமே குதித்தது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் எதிர் அணி பந்தைத் தட்டிக்கொண்டு இந்தப் பக்கம் பறந்து வந்தது. அவர்களில் நெட்டையான ஒருத்தி, ஒருத்தியைத் தாண்டி, இன்னொருத்தியைத் தாண்டி, கோலுக்கு நேராக வந்து வீசி ஓர் உதை உதைத்தாள். பந்து நேராக மகளிடம்தான் வந்தது. மகள் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். அம்மாவின் பிடிதான், அச்சு அசல் அதே பிடி. ஆனால் இறுக்க இறுக்க, நனைந்த பந்து சோப்புக் கட்டிபோல் கையுறைக்குள்ளிருந்து பிதுங்கி வெளியே துள்ளியது.

"விட்டுட்டா!" என்று கூட்டம் அலறியது.

உடும்புக்குக் கண்ணை மூடிக்கொள்ளத்தான் தோன்றியது. மூடவில்லை. கடைசிவரை பார்ப்பதாகத்தானே வந்தாள்.

பந்து கோட்டை நோக்கி மெதுவாக உருண்டது. மகள் பதறவில்லை. ஒரு கணம் பந்தை அதன் போக்கில் விட்டுப் பார்த்தாள், எந்தப் பக்கம் போகிறது என்று. அப்புறம் சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, வழுக்கிக்கொண்டே போய், கோட்டின்மேல் பந்தை இரண்டு கையாலும் பொத்தி வயிற்றுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

"பிடிச்சுட்டா! பிடிச்சுட்டா!"

விசில் ஊதியது. உடும்பு எப்போது குதித்தாள், எப்போது கணவரின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், எப்போது அழுதாள் என்று அவளுக்கே தெரியாது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்திருப்பாள்போல. பக்கத்தில் குனிந்தவரையும் ஒரு தரம் கட்டிக்கொண்டாள் என்று கணவர் பிற்பாடு சாதிக்கிறார்.

அந்த அமர்க்களத்தில் போன் அடித்தது. மெக்கானிக். இந்தத் தடவை அலைச் சத்தம் இல்லை, கரைக்கு வந்துவிட்டான்போலிருக்கிறது.

"அக்கா, அப்ப லைன் சரியில்ல. சொன்னது கேட்டுச்சா? மோட்டார் சுத்தித் துணிப்பஞ்சு அடைச்சிருக்கும். அதான் சூடாகித் தானா நின்னுக்குது. அதை நோண்டாதீங்க. நல்லா சூடு ஆற விட்டு, பஞ்சைத் தட்டிட்டு, ஸ்டார்ட் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடிங்கன்னு சொன்னேன். விட்டுப் பிடிச்சீங்களா?"

அவள் வாயைப் பிளந்தாள். அப்படியானால் குண்டன் மேல் குற்றமே இல்லை. சூடு தாங்காமல் கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான். அவனை ஆறவே விடாமல் பொத்தானை அமுக்கி அமுக்கி உயிரை எடுத்தது இவள். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"விட்டேன் தம்பி," என்றாள். "பிடிச்சது என் பொண்ணு."

"என்னக்கா சொல்றீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ கடலுக்குப் போ. லீவு முடிஞ்சு வா, ரெண்டு ஸ்க்ரூ மீதி இருக்கு, அதோட வீடு எங்கேன்னு காட்டு."

பெண்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடித் திரிந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மகள் வந்தாள். தலையிலிருந்து கால்வரை ஒரே சேறு, கண்ணும் பல்லும்தான் வெளுப்பாக இருந்தன. கையில் கழற்றிய சட்டைகளின் பெரிய சுருணை. அதை அப்படியே அம்மாவின் கையில் போட்டாள். காலையிலிருந்ததைவிட மூன்று மடங்கு கனம். சேற்று நீர் அவள் கையோடு ஒழுகி முழங்கைவரை ஓடியது.

"அடுத்த வாரம் ஜெயிச்சவங்களுக்கு இன்னொரு மாட்ச் இருக்காம்," என்றாள் மகள், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. "அதுக்கும் இதே சட்டைதான்."

"துவைச்சு அனுப்பிடறேன் கண்ணு," என்றாள் உடும்பு.

மகள் கையுறையைக் கழற்றினாள். உள்ளே விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. அந்த விரல்களால் அம்மாவின் கன்னத்திலிருந்த கிரீசைத் துடைத்தாள். கிரீஸ் போகவில்லை, அதன்மேல் சேறும் சேர்ந்துகொண்டது.

"அனுப்பாதேம்மா," என்றாள். "கொண்டு வா."